குல்லாவுக்குள் போன பாட்டில்

டைரக்டர் சார், நீங்கள் மேடத்தைத் திருடி என்றீர்கள். அது பொய் என்று உங்களுக்கே தெரியும். இல்லை, ஒருவேளை தெரியாதா? இத்தனை வருடமாக எனக்குப் பிடிபடாதது இந்த ஒரு விஷயம்தான். என் பீரோவில் ஒரு சிவப்புக் கம்பளிக் குல்லா இருக்கிறது. காதையும் சேர்த்து மூடுகிற குரங்குக் குல்லா. நான் பார்த்தவரை அதை யாரும் தலையில் போட்டதில்லை. அந்தக் காலத்தில் சனிக்கிழமையானால் அதற்குள் ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டில் இருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. மலைமேல் அட்டுவம்பட்டியில் ஒரு பழைய பங்களாவை வாங்கி மருந்து ஆராய்ச்சிக்கூடமாக ஆக்கியிருந்தார்கள். நாங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம், வீடு வடகவுஞ்சியில். காப்பிப்பழம் பறித்துக்கொண்டிருந்த என்னை ஆராய்ச்சிக்கூடத்தில் கொழுப்பு உருக்குகிற வேலைக்கு எடுத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ஒரு மருந்து, குடலைப் பிடுங்குகிற கசப்பு. வாயில் வைத்ததும் பிள்ளை துப்பிவிடும். அந்தக் கசப்பைக் கொழுப்புக்குள் பூட்டி வைப்பதுதான் எங்கள் வேலை. மெழுகு மாதிரி வெள்ளையாக இருக்கும் கொழுப்பை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கி, மருந்துத் தூளைக் கலந்து, சோப்புத் தண்ணீர் போன்ற சூடான கரைசலில் ஊற்றி, மோட்டாரால் வேகமாகக் கடைய வேண்டும். கொழுப்பு பொடிப்பொடித் துளிகளாக உடையும். அதை அப்படியே ஐஸ் தண்ணீரில் கொட்டினால் துளிகள் நொடியில் உறையும். வடிகட்டி உலர்த்தினால் ரவையைவிட நைசான வெள்ளைத் தூள். ஒவ்வொரு மணிக்குள்ளும் மருந்து இருக்கும். நாக்கில் வைத்தால் கசக்காது, வயிற்றுக்குள் போய் மெதுவாகக் கரைந்து இறங்கும்.

மேடம்தான் அந்த வேலைக்கு விஞ்ஞானி. பழனிக்காரர். அடிவாரத்தில் பக்தர்களுக்குப் பஞ்சாமிர்தமும் விபூதியும் விற்கிற கடைக்காரர் வீட்டுப் பெண். என்னைவிட இளையவர், அதனால் அக்கா என்பார். மலையில் நாங்கள் செய்து வைத்த தூள் மாதக்கணக்கில் நன்றாகவே இருந்தது. மதுரைக்கு அனுப்பினால் மட்டும் கசக்கிறது என்று திரும்பி வந்தது. கீழே இருக்கிறவர்களுக்கு நாக்கு சரியில்லை என்று டைரக்டர் சொன்னார். சூட்டில் வைத்துப் பார்க்க எங்களிடம் ஒரு பெட்டி இருந்தது. ஆனால் மழை வந்தால் மரம் சாயும், மரம் சாய்ந்தால் கரண்ட் போகும், பெட்டி குளிர்ந்துவிடும். அதனால் மேடம் தூள் பாட்டிலைக் கீழே வெயிலில் காய்கிற தன் வீட்டுக்கே கொண்டுபோக ஆரம்பித்தார். கண்ணாடி உடையாமல் இருக்கத்தான் குல்லா.

சனிக்கிழமை பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் வருவோம். நான் வடகவுஞ்சியில் இறங்கிக்கொள்வேன், அவர் பழனிவரை போவார். வளைவுக்கு வளைவு பாட்டிலை மடியில் அணைத்துப் பிடித்துக்கொள்வார். ஆராய்ச்சிக்கூடத்து வாட்ச்மேன் அண்ணன் வாரம் தவறாமல் கேலி செய்வார், "என்னங்க மேடம், புள்ளைக்குப் பால் குடுத்துட்டீங்களா? வெரசாப் போங்க, அழுதுறப் போவுது" என்று. மேடமும் குல்லாவைத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போவார். ஒருதரம் பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: "மேல இருக்கறப்ப இது நல்ல புள்ளைக்கா. கீழ போனாத்தான் இதோட கொணம் தெரியும்."

ஒரு திங்கட்கிழமை வெள்ளனே வந்து, இரண்டு கரண்டியில் இரண்டு சிட்டிகை தூள் கொடுத்தார். முதலாவது எங்கள் அலமாரியில் இருந்தது, சப்பென்று இருந்தது. இரண்டாவது பழனியில் அவர் வீட்டுத் தகரக் கூரை மாடி அறையில் இருந்தது. ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினேன், மத்தியானச் சோறுவரை கசப்பு போகவில்லை. மேடம் சிரிக்கவில்லை. "ஐஸ்ல போட்டதும் பதறிப்போய்க் கண்டமேனிக்கு ஒறைஞ்சிருதுக்கா. வெக்கை பட்டதும் சரியா உக்காரப் பாக்குது. அப்படி நகர்றப்ப மருந்த வெளிய தள்ளிருது" என்றார். அதற்குப் பிறகு ஐஸை விட்டோம். மெதுவாக ஆறவிட்டு, கரண்ட் இருந்த நாளெல்லாம் வெதுவெதுப்பில் வைத்து, கொழுப்பு சரியாக உட்கார்ந்த பிறகுதான் பாட்டிலில் அடைத்தோம். அந்தத் தூள் பழனிக்குப் போய்த் திரும்பியது. கசக்கவே இல்லை.

இதற்கு நடுவில் ஒருநாள் நடந்ததுதான் எனக்கு விளங்காதது. டைரக்டர் எங்கள் மேசைக்கு வந்து, பழனியில் வெயில் எப்படி என்று கேட்டார். தகரக் கூரைக்கு அடியில் கை வைக்க முடியவில்லை சார் என்று மேடம் சொன்னார். அவர் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போனார். அது ஊர்ப் பேச்சா, பாட்டிலைப் பற்றிய பேச்சா? அன்றைக்கு நான் அதை யோசிக்கவே இல்லை. இப்போது யோசிக்கிறேன், தலை சுற்றுகிறது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை கேட்டில் டைரக்டரே நின்றிருந்தார். மேடத்தின் பையை வாங்கி, குல்லாவை உருவிக் கீழே போட்டார். பாட்டிலை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, "யாருக்கும்மா விக்கிற? திருடிக்கு நான் சம்பளம் குடுத்திருக்கேன்" என்றார். வாட்ச்மேன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மேடம் அழவில்லை. "சார், உங்களுக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். டைரக்டர் மலையேறி வருகிற மஞ்சு மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஈரத்தில் கிடந்த குல்லாவை நான் எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை மேடம் வரவில்லை. டைரக்டர் வந்தார். ஐஸ் வேண்டாம், இப்போது செய்கிறபடியே செய்யுங்கள் என்றார். பாட்டில் திருட்டு என்றால் அந்தப் பாட்டில் சொல்லிக் கொடுத்த வழி மட்டும் எப்படி உங்கள் சொத்தானது?

மேடத்தை அதற்குப் பிறகு எந்த மருந்துக் கம்பெனியும் எடுக்கவில்லை. ஏன் அங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்பார்களாம், இங்கே போன் போட்டு விசாரிப்பார்களாம், அதோடு சரி. அவ்வளவு படித்தவர் இன்றைக்கு அடிவாரத்துக் கடையில் பஞ்சாமிர்தம் நிறுத்துக் கொடுக்கிறார். அந்த வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. அவருடைய வேலை அது இல்லை என்கிறேன்.

நான் இப்போது ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமைக்கிறேன். இந்த வருட ஆண்டு விழாவுக்கு டைரக்டர்தான் சிறப்பு விருந்தினர். பஜ்ஜித் தட்டோடு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று அவர் பேச்சைக் கேட்டேன். பழனியில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே, பஞ்சாமிர்த டப்பாக்களுக்கு நடுவில் எங்கள் மருந்தை வைத்துச் சோதித்தோம் என்று பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். பிள்ளைகள் கை தட்டினார்கள். டப்பா விஷயம் எனக்கே தெரியாது சார். மேடத்துக்குப் போன் போட்டேன். டைரக்டர் சொல்லித்தான் பாட்டிலைக் கொண்டுபோனீர்களா என்று கேட்டேன். "அவரு கொண்டு போன்னும் சொல்லலக்கா, போகாதன்னும் சொல்லல. டப்பாவைப் பத்தி நாந்தான் சொன்னேனா? எனக்கே கொழம்புது. விடுங்க, கடையில சோலி கெடக்கு" என்று வைத்துவிட்டார்.

நான் விடுவதாக இல்லை. பாட்டில் திருட்டுப் போனது என்றால், அந்தக் கூரைக்கு அடியில் நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்துதான் போனது என்றால், கேட்டில் வைத்து ஏன் திருடி என்றீர்கள்? இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. அடுத்த வருட விழாவுக்கும் உங்களைத்தான் கூப்பிடப்போகிறார்களாம். அன்றைக்கு அதே மைக்கைப் பிடித்து, எல்லோரும் கேட்க, எது உண்மை என்று சொல்லுங்கள் சார். கடைசி வரிசைக்குப் பின்னால் பஜ்ஜித் தட்டோடு நான் நிற்பேன். தட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புக் குல்லா இருக்கும்.