ஆயாக்கொட்டகையில் ஒரு தராசு

சென்ற வாரம் எங்கள் மலையூர் பிரிஞ்சாங்கில் புதிதாகத் திறந்த காப்பிக் கடை ஒன்றுக்கு மகளோடு போனேன். தேயிலை விளையும் மலையில் காப்பிக்கு இவ்வளவு விலையா என்று கேட்கக்கூடாது; கேட்டால் நமக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். கடைக்காரர் காப்பித்தூளைக் கைக்குட்டை அளவு மின்தராசில் வைத்து, ஏதோ பூஜை செய்வதுபோல் எடை பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு கிராம். வெளியே ஒரு காய்கறி லோரி போனது. எண் ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு இறங்கியது. அவர் கவனிக்கவில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "லோரி போகட்டும், அப்புறம் நம்பரைப் படிங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மகள் தலையைக் குனிந்து போனை நோண்ட ஆரம்பித்தாள்.

அவளுக்கு என்ன தெரியும்? லோரி போகட்டும் என்று காத்திருப்பதுதான் ஒரு காலத்தில் என் முழுநேர வேலை.

அதே கடைவீதியில், ஸ்ட்ராபெரி ஜாம் விற்கும் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் நாங்கள் நான்கு பேர் தராசு செய்துகொண்டிருந்தோம். முட்டைக்கோஸ் நிறுக்கும் தராசு அல்ல. ஆய்வுக்கூடத் தராசு. கிராமில் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் காட்டும். உங்கள் கண் இமையில் ஒரு மயிர் உதிர்ந்து விழுந்தால் கடைசி இலக்கம் மாறும். மூச்சுக்காற்று படக்கூடாது என்று சுற்றிலும் கண்ணாடிப் பெட்டி. அந்தக் கண்ணாடியைத் துடைப்பதில் ஆரம்பித்து, தராசைச் சரிபார்ப்பது வரைக்கும் என் வேலை.

முதலாளி டாக்டர். ஊசி போடும் டாக்டர் அல்ல, இயற்பியல் டாக்டர். என் அம்மாவுக்கு இந்த வித்தியாசம் இன்றுவரை பிடிபடவில்லை. பார்க்கும்போதெல்லாம் முட்டிவலிக்கு மருந்து கேட்பாள். அவரும் சளைக்காமல், "பாட்டரி சரியா இருக்கான்னு பாருங்கம்மா" என்பார். இயந்திரப் பகுதிக்குச் சீனரான ஓங். ரிங்லெட்டில் மளிகைக்கடை வைத்திருந்த குடும்பம். டாக்டரைவிட நல்ல தமிழ் பேசுவார், கெட்ட வார்த்தை உட்பட. மின்சுற்றுகளுக்கு ஃபரிடா. அவர் பேசவே மாட்டார். பற்றவைக்கும் ஈய வாசம்தான் அவருக்கு வாய்.

கோலாலம்பூரை விட்டு மலைக்கு ஏன் வந்தீர்கள் என்று டாக்டரிடம் கேட்டால் பெருமையாகச் சொல்வார்: "தராசுக்கு ஒரே குளிர்ச்சி வேணும். கீழ ஏர்கான் பில் கட்டியே செத்துடுவேன். இங்க கடவுளே ஏர்கான் போட்டு வெச்சிருக்காரு லா."

கடவுள் கூடவே மூடுபனியையும் போட்டு வைத்திருந்தார் என்பதை டாக்டர் கணக்கில் சேர்க்கவில்லை. மத்தியானம் ஆனால் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் துடைக்கும் ஸ்பிரிட் வாசமும், தோட்டங்களுக்கு ஏற்றிப்போகும் கோழிச்சாண நாற்றமும் கலந்து ஒரு வாடை வரும் பாருங்கள், விஞ்ஞானம் என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் அதுதான் என் மூக்கில் ஏறுகிறது.

மூடுபனியைக்கூடச் சமாளித்தோம். லோரியைச் சமாளிக்க முடியவில்லை. திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும் ஒவ்வொரு லோரிக்கும் எங்கள் பழைய கட்டடம் நடுங்கும். கட்டடம் நடுங்கினால் தராசும் நடுங்கும். கனமான கருங்கல் பலகை போட்டோம், அடியில் ரப்பர் வைத்தோம், ஓங் பழைய டயரை அறுத்துக்கூட வைத்துப் பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை. ஆனால் ஒன்று கண்டுபிடித்தோம்: பள்ளி விடுமுறையில் சுற்றுலாக் கார்கள் வந்து ரோடு முழுக்க ஜாம் ஆகிவிட்டால், ஒரு வண்டியும் நகராது. தராசு சாமியார்போல் உட்கார்ந்திருக்கும். ஊரே ஜாமைத் திட்டும்போது மூன்றாவது மாடியில் நாங்கள் மட்டும் கைதட்டுவோம். எங்கள் முக்கால்வாசித் தராசுகள் பள்ளி விடுமுறையில் பிறந்தவை.

அப்போதுதான் ஓர் அரசாங்க ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. பன்னிரண்டு தராசு வேண்டும். முதலில் அவர்களின் அதிகாரி நேரில் வந்து ஒன்றைச் சோதிப்பார். எங்கள் கம்பெனி அதுவரை பன்னிரண்டு தராசை மொத்தமாகப் பார்த்ததே இல்லை. இது கிடைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொல்வதெல்லாம் உண்மையாக இருக்கும்.

சோதனை நாள் ஒரு புதன்கிழமை. விடுமுறையும் இல்லை, ஜாமும் இல்லை. எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தபோது நான்தான் சொன்னேன்: "ஜாம் இல்லன்னா நம்மளே பண்ணிக்கலாம்."

என் அக்கா வீட்டுக்காரர் முனியாண்டி அத்தான் லோரி ஓட்டுகிறவர். "பத்து மணிக்கு ரோட்டுக்குக் குறுக்கால வண்டி ரோசாக் ஆயிடுச்சுன்னு நிப்பாட்டணும், அவ்வளவுதானே பாப்பா? இது ஒரு விசயமா?" என்றார். அவர் வண்டி வாரத்துக்கு இரண்டு முறை நிஜமாகவே ரோசாக், அதாவது பழுது, ஆகும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

புதன்கிழமை பத்து மணிக்கு அத்தான் சொன்னபடி செய்தார். பத்தரைக்கெல்லாம் ரோடு செத்துவிட்டது. தராசு அசையாமல் நின்றது. டாக்டர் டை கட்டிக்கொண்டார். பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. அதிகாரி வரவில்லை. ஃபரிடா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"அவங்களும் இந்த ரோட்டுலதானே வரணும்?"

நான்கு படித்த தலைகள், இது அதுவரை ஒன்றுக்குக்கூடத் தோன்றவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் படியில் காலடிச் சத்தம். முதலில் அத்தான் வந்தார், கையில் ஒரு மரப்பெட்டி. பின்னால் நனைந்த குடையோடு ஓர் அம்மா. "பாப்பா, இவங்களும் உங்க கடைக்குத்தான் வராங்களாம். கார் கீழ மாட்டிக்கிச்சு, பாவம் நடந்தே வந்துட்டாங்க. நாந்தான் சொன்னேன், கவலப்படாதீங்க, மேல தராசுக்காரங்க சோதனை முடிஞ்சதும் லோரிய எடுத்துடுவேன்னு."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மலாயில், விளக்கமாக.

அந்த அதிகாரியின் பெயர் புவான் ரொஹானா; புவான் என்றால் மலாயில் மேடம் மாதிரி. குடையை மூலையில் சாய்த்து வைத்தார். டாக்டர் ஏதோ அதிர்வு அலைகள் என்று ஆரம்பித்தார். புவான் ரொஹானா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "யாருடைய யோசனை?" என்று மலாயில் கேட்டார்.

என் வேலை போவதுகூடப் பரவாயில்லை. என்னால் இந்த மூன்று பேருக்கும் வேலை போகப் போகிறதே என்றிருந்தது. "என்னுடையது" என்றேன்.

அவர் குனிந்து தராசைப் பார்த்தார். "கெட்டுப்போயிருப்பது தராசா, இந்த இடமா?"

"இடம், புவான்."

"அப்படியானால் நல்ல இடத்தைக் காட்டு. எப்படியும் உங்கள் புண்ணியத்தில் நான் ஊர் திரும்ப முடியாது."

நல்ல இடம். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் குடும்பம் வேலை செய்த தேயிலை எஸ்டேட்டின் ஆயாக்கொட்டகை. அம்மாமார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். மலைப்பாறையைச் செதுக்கி அதன் மேலேயே தரை போட்டிருந்தார்கள். பிள்ளைகள் குறைந்து, ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. ரோட்டிலிருந்து தூரம்.

அத்தானின் லோரியிலேயே போனோம். முட்டைக்கோஸ் மூட்டைகளின் மேல் கருங்கல் பலகை, அதன் மேல் டாக்டர், டையோடு. தராசு என் மடியில். புவான் ரொஹானா தன் எடைக்கற்கள் இருந்த மரப்பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் முன்சீட்டில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லோரி கிளம்பியதும் ஜாமில் நின்றவர்கள் சொன்ன வார்த்தைகளை ஓங் மட்டும் ரசித்தார்.

பக்கத்தில் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து மின்கம்பி இழுத்தோம். விஷயம் தெரிந்து அம்மா விளக்குமாற்றோடு வந்து ஒரு கூட்டுக் கூட்டினாள் பாருங்கள், ஓங் தராசின் மேல் சட்டையைக் கழற்றிப் போட்டு அலறினார். தூசி அடங்க ஒரு மணி நேரம். எடைக்கற்களின் குளிர் அடங்கி அறைச் சூட்டுக்கு வர இன்னொரு மணி நேரம். அதுவரை எல்லாரும் அம்மா போட்ட தேத்தண்ணியைக் குடித்தோம். உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். தொட்டில் கட்டுகிறவை. மூன்றாவது கொக்கிக்குக் கீழேதான் தராசு இருந்தது. நான் வளர்ந்ததும் அங்கேதான், நனைத்ததும் அங்கேதான். அதை நான் அதிகாரியிடம் சொல்லவில்லை, அம்மா சைகை காட்டிச் சொன்னாள்.

புவான் ரொஹானா இடுக்கியால் கல்லை எடுத்து வைத்தார். நூறு, புள்ளிக்குப் பிறகு நான்கு பூஜ்யம். எடுத்தார், வைத்தார். அதே எண். பத்து முறை. கடைசி இலக்கம் இரண்டு தடவை ஒன்று காட்டிவிட்டுத் திரும்பியது, அவ்வளவுதான். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தனை வருடத்தில் தன் தராசு எவ்வளவு நல்லது என்று அவரே அன்றைக்குத்தான் பார்த்தார்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இம்மாம் புள்ளி எதுக்கு? கடைசில கொழுந்து நிறுக்குற கிராணி தண்ணிக்குன்னு மூணு கிலோ கழிக்கத்தானே போறான்?" நான் மலாயில் மாற்றிச் சொன்னதும் புவான் ரொஹானா முதல்முறையாகச் சிரித்தார்.

படிவத்தில் சோதனை நடந்த இடம் என்று ஒரு கட்டம். டாக்டர் கூச்சத்தோடு, "இரண்டாவது ஆய்வுக்கூடம்னு போடலாமே" என்றார். புவான் ரொஹானா அண்ணாந்து கொக்கிகளைப் பார்த்தார். பிறகு மலாயில் 'பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு அடியில் லோரி விஷயத்தையும் இரண்டு வரி எழுதினார். நேர்மையான மனுஷி.

ஆர்டர் கிடைத்தது. பன்னிரண்டையும் ஆயாக்கொட்டகையில் வைத்தே சரிபார்த்தோம். கம்பெனி இன்னும் சில வருடம் ஓடியது. பிறகு பாதி விலைக்கு வெளிநாட்டுத் தராசுகள் வந்தன. எங்களுடையதைவிட மோசம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அப்படி இல்லை. டாக்டர் மகள் வீட்டுக்கு மெல்பர்ன் போய், அங்கேயே கண்ணை மூடினார். ஓங், மேசையிலேயே சூப்பில் வேகவைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட் கடை வைத்திருக்கிறார். ஃபரிடா எங்கே என்று யாருக்கும் தெரியாது; கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

போன மாதம் அம்மாவுக்கு லயத்தைப் பார்க்க ஆசை வந்து கூட்டிப்போனேன். கொட்டகை இல்லை. தேயிலையோடு படம் எடுக்க வருகிறவர்களுக்காக இடித்துப் பஸ் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். ஏழெட்டுப் பஸ்கள், ஏர்கானுக்காக இஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்றன. மூன்றாவது கொக்கி இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகத் தேடி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். உள்ளங்காலில் லேசான நடுக்கம்.

"என்னாடி நடு ரோட்டுல சாமி கும்புடுற?" என்றாள் அம்மா. "பஸ்சு பின்னால எடுக்குறான், ஓரமா வா லா."