விசில் சத்தம் வந்த நாள்

முத்தியால்பேட்டையில் ஒரு பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. ஒருநாள் காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப்பக்கமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தேன். முகத்தின் இடது பாதி அசையவில்லை, கண்ணும் மூடவில்லை. பக்கவாதம் இல்லை, முக நரம்பில் வீக்கம் என்று சொன்ன டாக்டர், மாத்திரை எழுதிக்கொடுத்து பிசியோதெரபிக்கும் அனுப்பினார்.

விடுப்பு முடிந்து மைதானத்துக்குப் போனபோது விசில் ஊத முடியவில்லை. காற்றெல்லாம் உதட்டோரமாகக் கசிந்தது. கையைத் தட்டித்தான் வகுப்பு நடத்தினேன்.

"தினமும் உங்களால இங்க வர முடியாதுல்ல டீச்சர்" என்று பிசியோதெரபிஸ்ட் அம்மா என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக்கொடுத்தார். எனக்கென்று அவர் தேர்ந்தெடுத்த பயிற்சிகள் அதில் வரும். கேமரா முன்னால் நான் செய்வது வீடியோவாக அவருக்குப் போகும்.

பத்து முறை என்று போட்டிருந்தால் நான் முப்பது முறை செய்தேன். பிள்ளைகளை ஓடவிட்டே பழகியவள். நாலாவது மாதம் அவரே போன் செய்தார்.

"உதட்டைக் குவிக்கும்போது கண்ணும் சேந்து மூடுது டீச்சர். ரொம்பப் பண்றீங்க. இனிமே அஞ்சு தடவதான்."

"அஞ்சு தடவைல என்னங்க வரும்?"

"கால் வலிக்குதுன்னு ஒரு பொண்ணு சொன்னா ஓட வுடுவீங்களா?"

மறுநாள் ஆப்பில் பாதிப் பயிற்சிகளைக் காணோம். புதிதாக, ஸ்ட்ரா வைத்துத் தண்ணீரில் குமிழி விடுவது வந்திருந்தது. ஐந்து முறை முடிந்ததும் 'இன்றைக்குப் போதும்' என்று நின்றுவிடும். பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வந்த கணவர், "சின்னப் புள்ளயாட்டம் டம்ளர்ல ஊதிக்கிட்டு இருக்கியே" என்றார். பிறகு நான் செய்வதைப் படமெடுக்க அவரே போனைப் பிடித்துக்கொண்டார். மெதுவாகச் செய்யச் செய்ய, கண் தனியாகவும் உதடு தனியாகவும் அசையப் பழகின.

ஒருநாள் காலை ஆப் விசிலையே எடுத்துவரச் சொன்னது. முதல் நாள் வெறும் காற்று. மூன்றாம் நாள் கீச்சென்று ஒரு சத்தம். வாரக் கடைசியில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அடுத்த வாரம் உப்பளம் மைதானத்தில் பள்ளிகளுக்கிடையே கோ-கோ இறுதிப் போட்டி. வேறு இரண்டு பள்ளிகள் ஆடின; நடுவராக என்னைப் போட்டிருந்தார்கள். என்னோடு இன்னொரு நடுவராக இருந்த சார், "நீங்க கோட்டுகிட்ட நில்லுங்க, நான் ஊதறேன்" என்றார்.

"இல்ல சார், நானே ஊதறேன்."

ஆட்டத்தின் நடுவே, ஓடிய ஒரு பெண்ணின் முதுகில் துரத்தியவளின் கை பட்டது. ஊதினேன். மைதானம் முழுக்கக் கேட்டது. ஓடியவர்கள் அப்படியே நின்றார்கள்.

அந்தப் பெண் நேராக என்னிடம் வந்தாள். "என் மேல படவே இல்ல மிஸ். நீங்க சரியா பாக்கல."

சிரித்தால் என் இடது உதடு இன்னும் கொஞ்சம் பின்தங்கும். அவள் அதைக் கவனிக்கவே இல்லை, என் முகத்துக்கு நேரே நின்று வாதாடினாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ப்பை மாற்றாத ஒரு நடுவர்தான். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இன்னொரு தடவை, முதலைவிட நீளமாக ஊதி, அவளை வெளியே அனுப்பினேன்.