அந்தோணியாருக்கு அனுப்பிய கடைமடை மனு

மனு எழுதும் தொழிலுக்கு முதல் தகுதி, பெறுகிறவர் அதைப் படிக்கமாட்டார் என்ற அசையாத நம்பிக்கை. கலெக்டர் அலுவலக வரிசையில் நின்றே நரைத்த அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துண்டறிக்கை படித்தே தமிழ் கற்றவன் நான். நாற்பது வருடம் விவசாயக் கூலிகளுக்காக மனு எழுதினேன், மறியல் செய்தேன். இன்று சங்கத்தில் என் பெயரைச் சொல்ல ஆளில்லை. தார்ச்சாலையில் உட்கார்ந்து முழங்கால் போனதுதான் மிச்சம். "வீட்டுல உக்காந்து திட்டுறதை கோயில்ல உக்காந்து திட்டுங்க" என்று என் மனைவி ரெஜினா, ஊர் அந்தோணியார் கோயில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை நவநாள் வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்கு விண்ணப்பச் சீட்டு எழுதித் தருவது என் புதிய பணி. சீட்டைப் பெட்டியில் போட்டால், பூசையில் ஃபாதர் எடுத்து வாசிப்பார்.

இறுதி எச்சரிக்கை

முதலில் வந்தவர் செபஸ்தியம்மாள். ஒரு ஏக்கர் குத்தகை நிலத்தில் தாளடி நெல் போட்டிருக்கிறார். கதிர் பால் பிடிக்கும் நேரம். எங்கள் ஊர் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். வாய்க்காலில் ஆடு படுத்திருக்கிறது. மேட்டூர் அணையை எந்த நாளும் மூடிவிடுவார்கள் என்று பேச்சு. "ஒரே ஒரு தண்ணி பாஞ்சா போதும் தோழர். இல்லாட்டி அம்புட்டும் பதரு" என்றார்.

பழகிய கை ஓடியது. அனுப்புநர், முழு முகவரி. பெறுநர்: உயர்திரு தூய அந்தோணியார் அவர்கள். பொருள்: பாசனம். நகல்: இயேசு ஆண்டவர், தேவமாதா. கடைசி வரியில், 'ஏழு நாட்களுக்குள் தண்ணீர் வராவிட்டால் தங்கள் பீடத்தின் முன் தொடர் உண்ணாவிரதம் நடைபெறும்.' ஃபாதர் மைக்கில் நகல் வரை ஒன்று விடாமல் வாசித்துவிட்டு, பூசை முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"தோழர், அடுத்த புதன்கிழமை தவக்காலம் ஆரம்பிக்குது. நாப்பது நாள் ஊரே ஒருவேளைச் சாப்பாட்டோட ஒருசந்தி இருக்கப்போகுது. இதைச் சொல்லி அவரை மிரட்ட முடியாது."

ஒப்புகைச் சீட்டு

மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. மூன்றாம் நாள் மத்தியானம், தொடர் நடவடிக்கை பற்றிப் பேச செபஸ்தியம்மாள் வீட்டுக்கு நொண்டிக்கொண்டு போனேன். வயல் வெடித்துக் கிடக்கிறது. அவர் வாசலில் பாய் விரித்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். எழுப்பி, "போராட்டக் களத்தில் தூங்கலாமா?" என்றேன்.

"கலெக்டர்கிட்ட குடுத்துட்டு நீங்க முழிச்சிருந்தீங்க, அது நியாயம். இவருகிட்ட குடுத்துட்டும் முழிச்சிருந்தா, அப்புறம் எதுக்கு தோழர் குடுத்தீங்க?"

எதிர்த்தரப்பு

அடுத்த செவ்வாய் என் முன்னால் வந்து நின்றவர் லஸ்கர் மைக்கேல். மதகைத் திறந்து மூடுகிறவர்; எங்கள் வர்க்க எதிரி. அவர் ஒழிய வேண்டும் என்று எதுகை மோனையோடு நானே கோஷம் எழுதியிருக்கிறேன். கடைமடைக்குத் திறந்தால் அடிப்போம் என்கிறார்கள், தண்ணீரை முதலில் பிடிக்கும் மேல்மடைக்காரர்கள். திறக்காவிட்டால் அடிப்போம் என்கிறோம் நாங்கள். இரண்டு பக்கத்துப் பயத்தையும் சொல்லி, மன அமைதி வேண்டும் என்று எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். அனுப்புநர் என்ற இடத்தில், பழக்கதோஷத்தில், 'மக்கள் விரோத லஸ்கர் மைக்கேல்' என்று போட்டிருந்தேன்.

"பேருக்கு முன்னாடி இருக்கறதை மட்டும் அடிச்சிடுங்க தோழர். அந்தோணியாருக்கு என்னைத் தெரியும்."

எல்லாரும் கேட்டுவிட்டார்கள்

விண்ணப்பச் சீட்டில் பெயர் போடும் வழக்கமே கிடையாதாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஃபாதர் அன்று மைக்கேலின் சீட்டைப் பெயர், முகவரி, பயம் எல்லாவற்றோடும் வாசித்துவிட்டார். மேல்மடைக்காரர்களுக்கும் அதே கோயில்தான். வலது பக்கம் அவர்கள், இடது பக்கம் நாங்கள், நடுவில் தலைகுனிந்து மைக்கேல். வெளியே வந்ததும் நான் கோஷத்துக்குத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் மேல்மடையின் பெரிய மிராசு மைக்கேலின் தோளில் கை வைத்துவிட்டார்.

"ரெண்டு நாளைக்குத் திறந்து விடுங்க மைக்கேல். எவனும் உங்க மேல கை வைக்கமாட்டான். தோழர், நீங்க வாயை மூடுங்க."

கடைசிக் கோரிக்கை

சாம்பல் புதன் காலையில் தண்ணீர் வந்தது. நுரையும் ஆகாயத்தாமரையுமாக வந்து, செபஸ்தியம்மாள் வயலில் கணுக்கால் அளவு நின்றது. மணி பிடிக்குமா, அதற்குள் அணையை மூடிவிடுவார்களா, யாருக்கும் தெரியாது. நெற்றியில் சாம்பலும் காலில் சேறுமாக அவர் வந்து, நன்றிச் சீட்டு எழுதச் சொன்னார். நாற்பது வருடத்தில் நான் எவருக்கும் நன்றி எழுதியதில்லை. அதற்கு என்ன படிவம் என்றே தெரியவில்லை. ஒருவழியாக, 'தண்ணீர் கிடைத்தது. நன்றி. சங்கத்தின் எஞ்சிய எட்டுக் கோரிக்கைகளையும் உடனே...' என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அவர் பேனாவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"மூணாவது வார்த்தையோட நிறுத்துங்க தோழர். நன்றின்னா நன்றிதான். போட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க."

நாற்பது வருடமாக எந்த அலுவலகமும் எனக்கு ஒழுங்காகத் தராத ஒப்புகைச் சீட்டு, அன்று மத்தியானம் அந்த பிளாஸ்டிக் நாற்காலியிலேயே குறட்டையாக வந்து சேர்ந்தது என்று ரெஜினா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்த ஒரு குற்றச்சாட்டுக்கு மட்டும் நான் மறுப்பு அறிக்கை விடுவதாக இல்லை.