ஆண்டவர் கேட்காத ஜெபம்

பிரியமானவர்களே, நான் பொறாமைக்காரன். அதைச் சொல்லாமல் இந்தச் சாட்சியைச் சொல்ல முடியாது.

எட்டாவதோடு படிப்பை விட்டேன். செங்கல் சூளை, ரப்பர் தோட்டம், மும்பை என்று சுற்றித் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆனேன். துணி வெட்டும்போது இரும்பு வலைக் கையுறை போடவேண்டும். போட்டால் வேகம் வராது. பாதுகாப்பைச் சோதிக்க ஆடிட்டுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் போடுவோம். போன வருடம் ஜூன் மாதம், ஆடிட் இல்லாத ஒரு நாளில், கத்தி என் இடது கையில் இறங்கியது.

தையல் போட்டார்கள். புண் ஆறியது. ஆனால் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. உள்ளே நரம்பு தழும்போடு ஒட்டிக்கொண்டதாம்.

நான் தொழில் கற்றுக்கொடுத்த செல்வம் என் மேசைக்கு வந்துவிட்டான். பெண் குழந்தை பிறந்ததென்று லட்டோடு பார்க்க வந்தான்.

"சீக்கிரம் வாங்கண்ணே. ஒங்க மிசினு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது."

நான் அவனுடைய பத்து விரல்களையே பார்த்தேன். அவன் போனதும் ஜெபித்தேன்: "ஆண்டவரே, என் விரலைக் கொடும். இல்லாவிட்டால் அவன் விரலையும் எடும்." மூன்று வாரம் இதே ஜெபம்.

மறுபடி ஆபரேஷன் என்றார் டாக்டர். ஒட்டியதைப் பிரித்து, திரும்ப ஒட்டாதபடி ஒரு சவ்வைச் சுற்றி வைப்பாராம். என்ன சவ்வு என்று நர்ஸிடம் கேட்டேன்.

"கொழந்த பொறக்கறப்ப நஞ்சோட வருமில்லீங்களா, பனிக்குடம், அதுங்கண்ணா. சுத்தம் பண்ணி வெச்சிருப்பாங்க."

"யாரோடதும்மா?"

"அதச் சொல்ல மாட்டாங்க. புள்ள பெத்த சந்தோசத்துல ஏதோ ஒரு அம்மா எழுதிக் குடுத்ததுங்க."

செல்வம் கொடுத்த லட்டைக்கூட நான் தின்னவில்லை. முகம் தெரியாத ஒருத்தியின் சந்தோஷம் என் கைக்குள் வரப்போகிறது. அன்றுதான் ஜெபத்தை மாற்றினேன். முதலில் செல்வத்தின் கைக்காகக் கேட்டேன், பிறகு என் கைக்காக.

ஆபரேஷன் முடிந்து தினமும் பயிற்சி. வலி உயிர் போகும். ஏழாவது வாரம் ஆள்காட்டி விரல் உள்ளங்கையைத் தொட்டது. நடுவிரல் முக்கால்வாசி மடங்குகிறது. அது போதும். மேசைக்குத் திரும்பிவிட்டேன். செல்வம் பக்கத்து மேசையில் வெட்டுகிறான்.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லவேளண்ணே, ஒங்க ஜெபத்த ஆண்டவர் பாதிதான் கேட்டாரு" என்று சிரித்தான்.

பிரியமானவர்களே, மனதில் பொறாமை இருந்தாலும் ஜெபத்தை நிறுத்தாதீர்கள். இருக்கிறபடியே அவரிடம் போங்கள். எந்தப் பாதியைக் கேட்பது என்று அவருக்குத் தெரியும்.