விழுந்து சிரித்த அமெரிக்கர்

தொண்ணூறுகளில் நான் நியூசிலாந்தில் ஹென்டர்சன் நீச்சல் குளத்தில் வேலை செய்தபோது அந்த அமெரிக்கர் காலையில் வருவார். சொந்த நாட்டில் பேரெடுத்த ஃபுட்போல் ஆட்டக்காரர். பந்தை ஏந்தி ஓடுபவரை இடித்து விழுத்தும் அவர்களுடைய ஆட்டத்தை ஆட ஆக்லாந்து அணியொன்றுக்கு வந்த இடத்தில் புற்றுநோய் பிடித்துக்கொண்டது.

கதவை அடைக்கும் தோள்கள், தலையில் ஒரு மயிர் இல்லை. சிகிச்சை முடிந்த புதிதில் மார்பளவு தண்ணீரில் நடந்து பழகினார். அக்கரை சேர்ந்ததும் சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தட்டிவிட்டுத் திரும்புவார். பாதிக் குளத்தில் மூச்சு வாங்கி நின்ற நாட்களில் நான் கை நீட்டினாலும் பிடிக்கமாட்டார்.

அடுத்த கோடையில், தான் மறுபடி ஆடும் ஆட்டத்தைப் பார்க்க என்னை அழைத்தார். மனைவியோடு போனேன். பந்தோடு ஓடிய அவரை எதிரணிப் பையன் ஒருவன் வந்த வேகத்தில் மோதி விழுத்தினான்.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசன் எழும்பேல்லை," என்று மனைவி என் கையைப் பிடித்தாள்.

அவர் புல்லில் மல்லாந்து கிடந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும், "நோகவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நன்றாக நோகிறது. இவ்வளவு காலமும் டாக்டர், நர்ஸ், நீங்கள், எல்லோரும் என்னை முட்டையைத் தொடுவதுபோலத்தான் தொட்டீர்கள். இவன்தான் என்னை முழு மனிதன் என்று நினைத்து இடித்தான்."

சொல்லிவிட்டு அந்தப் பையனைத் தேடிப்போய்க் கட்டிப்பிடித்தார். அவன் ஒன்றும் விளங்காமல் விழித்தான். தன்னை விழுத்தியவனுக்கு நன்றி சொன்ன இன்னொரு மனிதரை நான் இன்றுவரை காணவில்லை.