முதல் பந்திச் சுப்பையன்

எங்கள் ஊர் காஜா பேராங்கில் எந்த வீட்டில் இலை விழுந்தாலும் முதல் பந்தியில், முதல் இலையில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவர் சுப்பையன். கல்யாணமோ கருமாதியோ, அழைத்தார்களோ இல்லையோ, அதெல்லாம் அவருக்குப் பெரிய விஷயமில்லை. 'முதல் பந்தி' என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். இந்தக் கதையில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சண்டைக்கு முன்னால் அவர் புக்கிட் ரம்பாய் பஸ்ஸில் கண்டக்டர். ஜப்பான்காரன் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனபிறகு அவரிடம் மிஞ்சியது ஒரு காக்கி அரைக்கால் சட்டையும், டிக்கெட்டில் ஓட்டை போடும் கவ்வியும்தான். பந்தியில் உட்கார்ந்ததும் வாழையிலை ஓரத்தில் அந்தக் கவ்வியால் 'டக்'கென்று ஒரு ஓட்டை போடுவார்.

"டிக்கெட் ஆச்சு, சோத்தப் போடுங்க."

சோறு எங்கே? காலையும் மாலையும் மரவள்ளிக்கிழங்குதான். கிழங்குக்கும் முதல் பந்திதான்.

எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடு, ஒரே கிணறு. வேலை போனபிறகு எல்லா வீட்டுக்கும் தண்ணீர் இறைப்பதை அவராகவே எடுத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. ஆம்பிளையை சயாமுக்குக் கொண்டுபோன வீடுகளுக்குத்தான் முதல் வாளி. எங்கள் அப்பாவையும் சயாமில் ரயில் ரோடு போட ஜப்பான்காரன் கொண்டுபோயிருந்தான். வாடகை கொடுக்க வழியில்லாத அம்மாவையும் என்னையும் சாரதாம்பாள் அம்மா தன் வீட்டு விறகுக் கொட்டகையில் இருக்கச் சொன்னார். நல்ல மனசு, வாய் மட்டும் மிளகாய். அவருடைய வெள்ளைச் சேவலுக்கு நான் கரியால் மீசை வரைந்த அன்று கிணற்றடியிலேயே வைத்துச் சொல்லிவிட்டார்.

"இன்னும் ஒரு சேட்டை, கோகிலா. ஒண்ணே ஒண்ணு. அப்புறம் நீயும் ஒங்கம்மாவும் மூட்டயக் கட்டிக்கிட்டு நடயக் கட்டணும்."

சுப்பையண்ணன் வாளியும் கையுமாக அங்கேதான் நின்றார்.

ஆடி பிறந்தது. அம்மனுக்குக் கூழ் ஊற்றக் கேழ்வரகும் இல்லை, நொய்யும் இல்லை. குருபோங் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு சாக்குக் கிழங்கு வந்து சேர்ந்தது. பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியில் இருக்கும் ஒரு பெரிய மனுஷி கோயிலுக்கு வருவார். பீபிக் என்று கூப்பிடுவோம். அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். சாமி மட்டும் எங்கள் சாமி. சாக்கைப் பார்த்ததும், "இனி ஊபி பாஹிட்!" என்று பதறினார். கசப்புக் கிழங்கு. அவசரப்பட்டுத் தின்றால் ஆளையே சாய்த்துவிடும். துருவி, இரண்டு நாள் ஊறப்போட்டு, காலையும் மாலையும் பிழிந்து தண்ணீர் மாற்ற வேண்டுமாம். தண்ணீர் மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

"இதயாச்சும் உருப்படியா செய்யி," என்றார் சாரதாம்பாள் அம்மா.

அன்றைக்கென்று பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வரவேண்டுமா? கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துப் பலாமரத்தின் உச்சிக் கிளையில் சுருட்டி வைத்துவிட்டேன். சுப்பையண்ணன் தெருவெல்லாம் தேடினார். கடைசியில் வேட்டியையும் துண்டையும் முடிச்சுப் போட்டு, காக்கி அரைக்கால் சட்டையோடு நின்று, வாளியை இறக்கினார். அது எட்டியும் எட்டாமலும் கால் வாளி மொண்டு வந்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அப்படி வந்த தண்ணீர் பன்னிரண்டு வீட்டுக்கும் குடிக்கத்தான் காணும். கிழங்குத் தொட்டிக்கு மாற்ற ஒரு சொட்டு இல்லை என்பது மாலையில்தான் எனக்கு உறைத்தது. மரத்தில் ஏறிக் கயிற்றை எடுக்கலாம், எடுத்தால் அகப்பட்டுக்கொள்வேன். ஊறினால் போதாதா, ஒரே தண்ணீரில் ஊறினால் என்ன என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாளும் சாரதாம்பாள் அம்மா கேட்டார். இரண்டு நாளும், "மாத்திட்டேம்மா," என்றேன்.

கூழ் காய்ச்சி அண்டாவை இறக்கி வைத்தாயிற்று. அம்மனுக்குப் படைக்கும்வரை யாரும் அதில் வாய் வைக்கக்கூடாது. காய்ச்சினவரே உப்புப் பார்க்க மாட்டார். பிள்ளைகளெல்லாம் கொட்டாங்கச்சியோடு அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுப்பையண்ணன் என் பக்கத்தில் வந்தார்.

"ஏய் கோகி, தொட்டிக்கு நீ எங்கிட்டத் தண்ணியே கேக்கலியே. மாத்தினியா?"

"மாத்தியாச்சுண்ணே."

"எந்தத் தண்ணிய?"

என் பாழாய்ப்போன கண் தானாகப் பலாமரத்துக்குப் போனது. அவர் கண்ணும் கூடவே போய் மேலே பார்த்தது.

நேரே அண்டாவிடம் போய், அகப்பையில் கொஞ்சம் கூழை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அடப்பாவி! அம்மனுக்கு முந்தியா ஒனக்கு?" என்று சாரதாம்பாள் அம்மா அலறினார்.

சுப்பையண்ணன் முகம் கசப்பில் சுருங்கியது. சாமிக்கு முன்னால் துப்ப முடியாது, விழுங்கினார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு காலால் அண்டாவை ஒரு தள்ளுத் தள்ளினார். பன்னிரண்டு வீட்டுக் கூழும் மண்ணில் ஓடியது.

"பசி தாங்கலம்மா. அவசரத்துல கால் பட்டுருச்சு," என்றார்.

பிள்ளைகள் கொட்டாங்கச்சியால் வழிக்க ஓடினார்கள். அவர் அவர்களுக்கு முந்திக்கொண்டு, கழுவ வைத்திருந்த சாம்பல் தண்ணீரைத் தூக்கிக் கூழின் மேல் ஊற்றிவிட்டார். அதற்குப்பிறகு அவரைத் திட்டாத வாய் இல்லை. ஒரு விறகுக்கட்டைகூடப் பறந்து வந்தது. சாப்பாட்டுக்காக உயிரை விடுகிற மனுஷன் நிறைந்த அண்டாவை ஏன் தள்ளுவான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பசியில் இருக்கிறவர்களுக்கு அதெல்லாம் தோன்றாது.

கொஞ்ச நேரம் கழித்துக் கிணற்றுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வாந்தி எடுத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நான் போய் உள்ளதச் சொல்லிடுறேன்."

"சொல்லிட்டு? ஒங்கம்மாளக் கூட்டிட்டுப் போயி பலாமரத்துலயா குடி வைப்ப?"

நான் அழுதேன். இதை எழுத வேண்டாமென்றுதான் பார்த்தேன். எழுதிவிட்டேன், போகட்டும்.

"அழுவாத. எனக்கு இந்தப் பேரு புதுசா? சோத்துக்கு அலஞ்சவன்னுதான் ஊரே சொல்லுது, இன்னொருதரம் சொல்லிட்டுப் போவுது. போயி கயித்த இறக்கு. வேட்டி கிழிஞ்சா இந்தக் காலத்துல எவன் தருவான்?"

அன்று இரவே கயிற்றை இறக்கிக் கிணற்றில் கட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவரைப் பந்தியில் சேர்க்கவில்லை. கிணற்றுக்கும் வரக்கூடாது என்றுவிட்டார்கள். அவரவர் தண்ணீரை அவரவர் இறைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரையே திட்டினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு நாலு கிழங்கு, கொல்லையில் விளைந்த நல்ல கிழங்காகச் சேர்த்து, மறுபடி கூழ் காய்ச்சினார்கள். படைத்து முடித்து இலை போட்டார்கள். முதல் இலையில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். வேலிக்கு வெளியே 'டக்... டக்' என்று சத்தம் கேட்டது. சுப்பையண்ணன் செம்பருத்தி இலையில் ஓட்டை போட்டுக்கொண்டு நின்றார், சாப்பாட்டுப் பக்கம் திரும்பாமல்.

அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த 'டக்'கைத் தாங்க முடியவில்லை. கிணற்றடிக்கு ஓடிக் கயிற்றை அவிழ்த்து வந்து சாரதாம்பாள் அம்மாவின் காலடியில் போட்டேன். பலாமரம், தொட்டி, பொய், அண்டா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சாரதாம்பாள் அம்மா வரிசையில் நின்ற பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

எங்கள் அம்மா எழுந்து நின்றாள். "மூட்டயக் கட்டுறேங்க்கா," என்றாள்.

"ஒக்காருடி! எங்க போவப் போற?" என்று அதட்டினார் சாரதாம்பாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆடி முடியிற வரைக்கும் பன்னெண்டு வீட்டுக்கும் நீதான் எறைக்கிற. கையில கொப்புளம் போடட்டும். மொதல்ல போயி அந்தத் தடியனக் கூட்டிட்டு வா."

சுப்பையண்ணன் வேலி தாண்டி வரும்போதே என் தலையில் குட்டினார். "ஏண்டி சொன்ன? ஒரு வாரம் கஷ்டப்பட்டு வாங்கின கெட்ட பேரு, வீணாப் போச்சே."

முதல் இலையில் இருந்தவர் தானாக நகர்ந்தார். அண்ணன் சம்மணம் போட்டார், இலையில் 'டக்'. சாரதாம்பாள் அம்மாவே கூழ் ஊற்றினார். அண்ணன் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, நாக்கில் உருட்டினார். பிள்ளைகள் கொட்டாங்கச்சியைத் தூக்கியபடி அவர் வாயையே பார்த்தார்கள்.

"உப்பு கம்மி," என்றார்.

சாரதாம்பாள் அம்மா அகப்பைக் காம்பால் அவர் மண்டையில் ஒன்று போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு ஊற்றப் போனார்.