மாலை இல்லாத படம்

தாம்பரத்தில் எங்கள் அறக்கட்டளையில் இருப்பவர்கள் எல்லோரும் புற்றுநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். வண்டலூர்ப் பக்கம் இன்னொரு அறக்கட்டளை உண்டு. அங்கே இருப்பவர்களின் பிள்ளைகள் பிழைத்தவர்கள், அல்லது இன்னும் சிகிச்சையில் இருப்பவர்கள். இரண்டும் சேர்ந்து பணம் போட்டால்தான் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் பற்றிய ஓர் ஆராய்ச்சியைத் தொடங்க முடியும் என்று மருத்துவர் ஒருவர் படித்துப் படித்துச் சொன்னார். ஆனாலும் பேனரில் யார் பெயர் மேலே வருவது என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டோம். வெட்கங்கெட்ட சண்டை. நிஜக் காரணத்தை யாரும் சொல்லவில்லை. எங்களைப் பார்த்தாலே அவர்களுக்குப் பயம். எங்கள் சாவு ஒட்டிக்கொள்ளுமாம்.

ஒருவழியாகப் பெருங்களத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். மேடையோரம் நீள மேசையில் பிள்ளைகளின் படங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மாலை, பொட்டு, முன்னால் விளக்கு. அவர்கள் பிள்ளைகளின் படங்கள் சும்மா இருக்கும். இதுதான் பேச்சு.

மறைமலை நகர் ஃபேக்டரியில் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு நான் சீக்கிரமே போய்விட்டேன். பூ அலங்காரம் செய்தவர் வாசலில் மிச்சப் பூவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். உள்ளே ஆளில்லை. எல்லா ஃபேனும் ஓடின, விளக்குகள் மட்டும் ஆடாமல் எரிந்தன. மாலை போட்ட வரிசையில் என் மகள் இல்லை. மறுபக்கம் இருந்தாள், உயிரோடிருக்கும் பிள்ளைகளோடு. மொட்டைத் தலை, தாடைக்கு இறக்கிய மாஸ்க், கழுத்தில் ஒன்றுமில்லை.

செத்த பிறகு அவளை மாலை இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. மண்டபத்தின் கதவைத் திரும்பிப் பார்த்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

அந்தக் கதவு வழியாகத்தான் ஒரு பெண் வந்தாள். அவர்கள் அறக்கட்டளையின் செயலாளர். கையெழுத்துப் போட வேண்டியவள். தன் மகளின் கையைப் பிடித்திருந்தாள். மேசையைப் பார்த்ததும் அலறினாள். சம்பங்கி மாலை அவள் மகளின் படத்தில் தொங்கியது.

பூக்காரர் ஓடிவந்தார். "தெரியாம ஆயிடுச்சுக்கா. ரெண்டு கொயந்தையும் மொட்டையா ஒரே மாரி கீது."

"ஒரே மாதிரியா? இவ உயிரோட நிக்கறாய்யா! நாளைக்கு இவளுக்கு எலும்பு மஜ்ஜை டெஸ்ட். நான் கெளம்பறேன். கையெழுத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். இதுங்களோட சேராதேன்னு அப்பவே சொன்னாங்க."

இதுங்க. ஆடு மாட்டைச் சொல்வதுபோல. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் அந்தச் சிறுமி என் மகளின் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். இப்போது அவளுக்கு முடி வளர்ந்து இரட்டைச் சடை.

"அம்மா, கத்தாத. அது நான் இல்ல. இதோ, நான் இங்க இருக்கேன்."

என் மகள் படத்தின் கண்ணாடிமேல் விரலை வைத்துச் சொன்னாள்.

அவள் அம்மாவுக்கு மாலையைத் தொடப் பயம். என்னிடம் வந்தாள். "அக்கா, நீங்களே கழட்டுங்க. கீழ போட்டுடாதீங்க. போக வேண்டிய எடத்துக்குப் போகட்டும்."

போக வேண்டிய இடம் எது என்று எனக்குத் தெரியும். கழற்றினேன். பொட்டைத் துடைத்தேன். மாலை ஈரமாகக் கனத்தது. போடாவிட்டால் இவள் போய்விடுவாள், ஆராய்ச்சியும் போய்விடும், இன்னும் எத்தனையோ பிள்ளைகள் சுவரில் தொங்கும். என் மகள் கழுத்தில் போட்டேன். என் கையால் இரண்டாவது முறை.

கூட்டம் நடந்தது. என்னென்னவோ பேசினார்கள். கடைசியில் அந்தப் பெண் மேடையில் குனிந்து பேனாவை எடுத்தாள். சிறுமி என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, எனக்கு ஏன் மாலை போட்டீங்க?"

சத்தமாகத்தான் கேட்டாள். அவள் அம்மா கையெழுத்தை முடித்து நிமிரும்வரை, அவள் வாயை என் உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தேன். கையில் சம்பங்கி வாசனை.